இசைத்தட்டு முதல் இணையம் வரை: சேலம் – நாமக்கல் சமவெளியில் தனியிசைப் பதிவும் கலைஞர் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படத்தைச் சாராமல் வெளியாகும் பாடல்களும் இசைத்தொகுப்புகளும் இன்று 'தனியிசை' என்றும் 'சுயாதீன இசை' என்றும் வழங்கப்படுகின்றன. இவ்வழக்கு இணையத்தோடு தோன்றியது என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியையும் அதனை அடுத்த காவிரிக்கரை, கொங்குப் பகுதிகளையும் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, திரைப்படத்திற்கு முன்பே இங்குத் தனியிசைப் பதிவு இருந்ததைச் சுட்டுகிறது. இசைத்தட்டு, திரைப்பட நிலையம், ஒலிநாடா, இணையம் என்னும் நான்கு நிலைகளிலும் பதிவின் உரிமை பாடியவரிடமும் வாசித்தவரிடமும் பெரும்பாலும் தங்கவில்லை என்பதையும், பக்கவாத்தியக் கலைஞரின் பெயரே முதலில் மறைகிறது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தனியிசை, இசைத்தட்டு, சேலம் கோதாவரி, மாடர்ன் தியேட்டர்ஸ், அண்ணன்மார் கதை, தெருக்கூத்து, நிகழ்த்துநர் உரிமை.

முன்னுரை

தமிழ் இசைவரலாறு பெரும்பாலும் தஞ்சையையும் சென்னையையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அரசவை, கோயில், சபா என்னும் மூன்று நிறுவனங்களின் வழியே இசையின் போக்கை விளக்கும் இவ்வரலாற்றில் சேலம், நாமக்கல் பகுதிக்குரிய இடம் சிறிது. 1997ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இவ்விரு பகுதிகளும் ஒரே நிருவாக எல்லைக்குள் இருந்தன. கூத்து, உடுக்கைப் பாட்டு, பம்பை, மேளம் ஆகியவை வழக்கிலிருக்கும் இப்பகுதியில் இசைக்குப் பஞ்சமில்லை. அந்த இசை பதிவானபோது அப்பதிவு யாருடையதாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

தனியிசை: சொல்லும் பொருளும்

தனியிசை என்னும் சொல் இரு பொருள்களில் ஆளப்படுகிறது. ஒன்று, திரைப்படத்தில் இடம்பெறாத பாடல். மற்றொன்று, படைத்தவரே பதிவின் உரிமையையும் வெளியீட்டையும் தம் கையில் வைத்திருக்கும் பாடல். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுவதால் குழப்பம் நேர்கிறது. திரைப்படத்தைச் சாராத பாடலும் ஒரு நிறுவனத்தின் முழு உடைமையாக இருக்கக்கூடும். ஆகவே, ஒரு பதிவின் தன்மையை அறிய மூன்று வினாக்கள் தேவைப்படுகின்றன. பதிவுக்கு முன்முயற்சி எடுத்தவர் யார்? வெளியீட்டில் யாருடைய பெயர்கள் உள்ளன? மீண்டும் ஒலிபரப்பும்போது வரும் வருவாய் யாருக்குரியது? பின்வரும் பகுதிகள் இவ்வினாக்களைக் காலவரிசையில் எழுப்புகின்றன.

கொல்லிமலையும் பாணர் மரபும்

பெயர் மறையும் போக்கு இயந்திரப் பதிவோடு தோன்றியதன்று. இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் இதற்குத் தொன்மையான சான்று. 152ஆம் பாடலில் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எனக் கருவிகளின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. ஒரு கலைக்குழுவின் அமைப்பை அப்பாடல் வழியே இன்றும் மீட்டெடுக்கலாம். 153ஆம் பாடல், ஓரியிடம் பரிசில் பெற்ற கூட்டத்தார் நிறைவு மிகுதியால் ஆடலையும் பாடலையும் மறந்ததாகக் கூறுகிறது. இப்பாடல்களின் வழி புரவலன் பெயரும் புலவர் பெயரும் கருவிகளின் பெயர்களும் நமக்குக் கிடைத்துள்ளன. அக்கருவிகளை இசைத்தவர் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. எனினும் பரிசில் அவர்கள் கைக்கு நேரே வந்தது. இசை நிகழ்ந்த இடத்திலேயே ஊதியமும் முடிந்தது. இசை நிகழ்விலிருந்து பிரிந்து, விற்பனைப் பொருளாகி, வேறோரிடத்தில் ஒலிக்கத் தொடங்கியபோதே உரிமை என்னும் புதிய சிக்கல் எழுந்தது.

இசைத்தட்டில் ஊர்ப்பெயர்

பிரெட் கெய்ஸ்பெர்க் தலைமையில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் குழு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகர்களின் குரல்களும் பதிவாயின. அக்காலப் பதிவுகளில் பெண்களின் குரல்களுக்குத் தனியிடம் உண்டு. கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரோடு ஒலித்த பெயர் சேலம் கோதாவரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பதிவான பெண்குரல்களுள் அவருடையதும் ஒன்று. திரைப்படம் பேசுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே சேலம் என்னும் ஊர்ப்பெயர் இசைத்தட்டின் முகப்பில் அச்சாகிவிட்டது. முதற்பொருளில் நோக்கின், இவையே இப்பகுதியின் தொடக்ககாலத் தனியிசை வெளியீடுகள்.

இரண்டாம் பொருளில் நிலைமை வேறு. 1908ஆம் ஆண்டு கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை அமையும் வரை, இந்தியாவில் பதிவான குரல்கள் செருமனியின் அனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டுத் திரும்பின. பதிவுக் கருவி, மூலத்தகடு, விற்பனை உரிமை ஆகிய மூன்றும் நிறுவனத்திடமே இருந்தன. பின்வந்த சட்டமும் இந்நிலையை உறுதிசெய்தது. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், மூலத்தகடு உருவாக்கப்பட்டபோது அதன் உடைமையாளராக இருந்தவரே ஒலிப்பதிவின் ஆசிரியர் எனக் கொண்டது. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவ்விதி இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. பாடியவர் கலைஞர், தகட்டை வைத்திருந்தவர் ஆசிரியர்.

முகப்பில் பெயர் பெற்றவர்களுக்கே இந்நிலை எனின், வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களின் நிலை இதனினும் தாழ்ந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிவாகும். அச்சிறு பொழுதிலும் அவர்கள் இசை ஒலித்தது. முகப்பில் பல வேளைகளில் அவர்களின் கருவிப்பெயருக்குக்கூட இடமில்லை.

மேடைப் பாடலும் காவிரிக்கரைக் குரலும்

1920களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் இசைத்தட்டு வணிகம் பெருகியது. இதனை ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ், நாடகமேடைப் பாடல்கள் தட்டுகளின் வழி வெகுமக்களிடம் சென்றதையும், பின்னர்ப் பேசும்படம் அச்சந்தையின்மீது கட்டமைந்ததையும் விளக்கியுள்ளார். இப்போக்கிற்கு நாமக்கல் சமவெளிக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. காவிரியின் மேற்குக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள், நாடகமேடையிலும் இசைத்தட்டிலும் புகழ்பெற்ற பின்னரே திரைக்கு வந்தார். 1935ஆம் ஆண்டு வெளியான 'பக்த நந்தனார்' படத்திற்கு அவர் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றமை பலரும் அறிந்தது. அத்தொகையின் பின்னணியில் மேடையும் தட்டும் திரட்டித் தந்த கேட்போர் கூட்டம் இருந்தது. திரைப்படத்தைச் சாராத இசை, திரைப்படத்திற்கே விலை நிர்ணயிக்கும் வலிமை பெற்றிருந்த காலம் அது.

காவிரியின் மறுகரையிலுள்ள மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் பாடல் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் சென்ற உப்பு அறப்போர்த் தொண்டர்கள் பாடிய வழிநடைப் பாடல் அவர் இயற்றியது. அது தட்டின் துணையின்றி வாய்மொழியாகப் பரவியது. அச்சின் துணையால் இயற்றியவர் பெயர் நிலைத்தது. எழுத்து ஆசிரியரைக் காப்பதுபோல் நிகழ்த்துநரைக் காப்பதில்லை என்பதையும் இதிலிருந்து உணரலாம்.

மாடர்ன் தியேட்டர்ஸ்: உள்ளூர் நிறுவனமும் உள்ளூர் இசையும்

பதிவுக்கருவி உள்ளூர்க்காரர் ஒருவரின் உடைமையாயின் நிலைமை மாறுமா என்னும் வினாவிற்குச் சேலம் வரலாறே விடை தருகிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. மலையாளத்தின் முதற்பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் வண்ணப்படமாகக் குறிப்பிடப்பெறும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் ஆக்கங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த இந்நிலையத்தில் படப்பிடிப்புத் தளங்களும் ஒலிப்பதிவுக் கூடமும் படச்சுருள் பதனிடும் கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. சென்னையைச் சாராமல் ஒரு மாவட்டத் தலைநகரில் பாடல் பிறந்து, பதிவாகி, முழுமை பெற்றது தமிழ் இசைவரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு. ஜி. இராமநாதன் இந்நிறுவனப் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தார். கே. வி. மகாதேவன் திரையிசைக்கு அறிமுகமானது இந்நிறுவனத்தின் 'மனோன்மணி' (1942) படத்தில்.

எனினும், சேலத்தில் ஒலிப்பதிவுக்கூடம் அமைந்ததால் சேலத்தின் கூத்திசையும் உடுக்கைப் பாட்டும் தனி வெளியீடுகளாகப் பெருகிவிடவில்லை. கூடம் திரைப்படத்திற்காகக் கட்டப்பட்டது. அங்குப் பதிவான பாடல் படத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது. பாடலுக்குரியவர் படத்தயாரிப்பாளர் என்னும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில் 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவ்வழக்கத்திற்குச் சட்ட வலிமை தந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஊதியம் பெற்றுத் தயாரிப்பாளருக்காக ஆக்கிய படைப்பின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதபோது, தயாரிப்பாளரே என அத்தீர்ப்பு கூறியது. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதே தீர்ப்பில் இணைத்த தனிக் குறிப்பில், பாடகருக்குச் சட்டம் உரிமை எதுவும் அளிக்காத நிலையைச் சுட்டி, நாடாளுமன்றம் அதனைக் கருத வேண்டும் என்றார்.

ஆகவே, பதிவுக்கூடத்தின் அண்மையும் உடைமையாளரின் பிறந்த ஊரும் இசைக்குத் தன்னுரிமை தந்துவிடுவதில்லை. சுந்தரம் 1963ஆம் ஆண்டு மறைந்தார். பின்னர் நிலையமும் மூடப்பட்டது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு எஞ்சியுள்ளது.

ஆய்வாளர் பதிவு: அண்ணன்மார் கதை

வணிகம் பதிவுசெய்யாத இசையை ஆய்வுலகம் பதிவுசெய்த நிகழ்வு இக்காலத்துக்குரியது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் இடைப்பகுதியில் காங்கயம் அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி ஆற்றினார். பொன்னர் – சங்கர் வரலாறான அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர்கள் இரவு இரவாகப் பாடியபோது அவர் ஒலிப்பதிவு செய்தார். நாமக்கல், கரூர், ஈரோடு பகுதிகளின் சிற்றூர்களிலும் வழங்கும் இக்கதையின் முழுநீள நிகழ்த்துகை அவ்வாறு நாடாவில் தங்கியது. 1982இல் அவருடைய ஆய்வு நூலும் 1992இல் கதையின் பாடமும் வெளிவந்தன.

மூன்று நிமிடத் தட்டில் அடங்காத ஒரு கலைவடிவத்தை அதன் இயல்பான நீளத்திலேயே பதிவுசெய்தது இம்முயற்சியின் சிறப்பு. பாடியவர், இடம், நிகழ்த்துகைச் சூழல் ஆகியவற்றைக் குறித்துவைப்பது ஆய்வுமுறையின் ஒழுங்காதலின், வணிகப் பதிவில் மறைந்த செய்திகள் இங்குத் தப்பின. பிற்காலத்தில் இதே கதை கலைஞர் மு. கருணாநிதியின் புதினமாகவும், அதன்வழி 2011இல் இளையராஜா இசையில் திரைப்படமாகவும் உருப்பெற்றது. கதை சிற்றூரிலிருந்து திரைக்குச் சென்றது. உடுக்கைப் பாடகர் சிற்றூரிலேயே இருந்தார்.

ஒலிநாடாக் காலம்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, 1980களில் இந்திய இசைச்சந்தையை மாற்றியமைத்தது. பீட்டர் மானுவேல் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சிறுமுதலீட்டில் பதிவும் படியெடுப்பும் இயன்றதால் ஒரு பெருநிறுவனத்தின் முற்றுரிமை தளர்ந்து, வட்டார இசைவடிவங்கள் சந்தைக்கு வந்தன என விளக்குகிறார். தமிழ்நாட்டில் கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கி இதற்குத் துணைநின்றது. பால் கிரீன் தமிழ்ச் சிற்றூர் ஒன்றில் மேற்கொண்ட ஆய்வு, ஒலிநாடாவை ஒலிக்கச் செய்தலே ஒரு வழிபாட்டுச் செயலாகக் கருதப்பட்டதைப் பதிவுசெய்துள்ளது.

மாநில அளவில் அறியப்பட்ட நாட்டார் குரல்களுள் கொல்லங்குடி கருப்பாயி, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் முதலியோர் பாண்டிநாட்டைச் சார்ந்தவர்கள். கொங்கின் உடுக்கைப் பாட்டும் சேலம் வட்டாரக் கூத்தும் விடிய விடிய நிகழ்பவை. அறுபது நிமிட நாடாவின் அளவு அவற்றுக்குப் பொருந்தவில்லை. தனிப்பாடலாகப் பிரிக்கத்தக்க வடிவம் சந்தையில் முன்னேறியது. கதைத்தொடராக நீளும் வடிவம் பின்தங்கியது. வட்டாரங்களுக்கு இடையிலான இவ்வேறுபாட்டைக் கலைத்திறனின் ஏற்றத்தாழ்வாகக் கொள்வது பொருந்தாது. பதிவுக்கருவியின் கால எல்லையையும் இங்குக் கருதவேண்டும்.

இணையக் காலம்

இணையம் இக்கால எல்லையை அகற்றியது. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றோடு இரவு முழுதும் நிகழும் சேலம், நாமக்கல் வட்டாரக் கூத்துகள் இன்று முழுமையாகக் காணொளியாகின்றன. உடுக்கைப் பாட்டும் வள்ளி கும்மியும் அவ்வாறே. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில்கும்மி ஆசான் எம். பத்ரப்பனுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டமை இவ்வடிவங்களின்பால் எழுந்துள்ள கவனத்தைக் காட்டுகிறது.

இதே காலத்தில் நகர்சார்ந்த தனியிசையும் வளர்ந்தது. 2017இன் இறுதியில் பா. இரஞ்சித், தென்மா ஆகியோரின் முயற்சியில் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 சனவரியில் சென்னையில் மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் அதில் இணைந்தன. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி', திரைப்படத்தைச் சாராத தமிழ்ப்பாடல் உலக அளவில் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதைக் காட்டியது. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவர் பெயரில் வெளிவந்த அப்பாடலைச் சுற்றி, யாருடைய பெயர் முன்னிறுத்தப்படுகிறது என்னும் விவாதம் அதே ஆண்டிலும் 2022இலும் எழுந்தது. வருவாய் தங்களை வந்தடையவில்லை என இசையமைப்பாளர் 2024இல் பொதுவெளியில் கூறினார். புகழ்பெற்ற கலைஞர்களுக்கும் பெயரும் வருவாயும் சிக்கலாகும்போது, சிற்றூர்க் கூத்துக்குழுவின் நிலை எளிதாக இருத்தல் இயலாது.

கூத்தர் பெறுவது இரவுக்கூலி. முன்பணம் பெற்று, ஆடி முடித்து, மீதியைப் பெற்று ஊர் திரும்புகின்றனர். அவ்விரவின் காணொளியை ஏற்றுபவர் பெரும்பாலும் வேறொருவர். எண்ணிம வெளியீட்டில் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் பன்னாட்டு அடையாள எண் உண்டு. வருவாய்ப் பகிர்வு அவ்வெண்ணோடு பதியப்படும் பெயர்களைப் பின்பற்றுகிறது. அங்கே பெயர் இல்லாத முகவீணைக்காரர் கணக்கிலும் இல்லாதவராகிறார். தட்டின் முகப்பில் இடம்பெறாத வயலின்காரரின் நிலை நூறாண்டு கழித்து வேறு வடிவில் தொடர்கிறது.

சட்டமும் நடைமுறையும்

1914இன் நிலைக்கும் இன்றைய நிலைக்கும் இடையே முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவின் ஆசிரியர் தயாரிப்பாளரே என்கிறது; முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவரே தயாரிப்பாளர் என வரையறுக்கிறது. ஆயினும் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 'நிகழ்த்துநர் உரிமை' என்னும் தனியுரிமையைச் சேர்த்தது. நடிகர், பாடகர், இசைஞர், ஆடுநர் முதல் கழைக்கூத்தர், பாம்பாட்டி வரை நிகழ்த்துநர் என்னும் சொல்லில் அடங்குவர். கூத்துக் கலைஞர் இதில் அடங்குவார் என்பதில் ஐயமில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்துகையைப் பதிவுசெய்யும் தனியுரிமையையும், வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமையையும், நிகழ்த்துநராகத் தம் பெயர் சுட்டப்பெறும் உரிமையையும் வெளிப்படையாக வகுத்தது. மரபுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பதால் அதனை அன்றிரவு பாடியவருக்கும் உரிமை இல்லை எனக் கொள்வது சட்டப்படி பிழை.

சட்டம் பெயரை வேண்டுகிறது. நடைமுறையில் பெயர் எழுதப்படுவதில்லை. வாய்ச்சொல்லால் ஒப்புக்கொள்ளப்படும் நிகழ்வில் ஆடியவர், வாசித்தவர், ஊர், நாள் ஆகியவற்றுக்கு எழுத்துச்சான்று அரிது. உரிமை இருந்தும் அதனை நிறுவ ஆவணம் இல்லாத நிலையே இன்றைய இடர்.

முடிவுரை

சேலம் – நாமக்கல் சமவெளியில் திரைப்படத்தைச் சாராத இசைப்பதிவு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. அதனைப் புதுவரவாகக் கொள்வதற்குச் சேலம் கோதாவரியின் தட்டுகள் தடையாக உள்ளன. பதிவுக்கருவி அனோவரிலும் கல்கத்தாவிலும் இருந்தபோதும், சேலத்திலேயே இருந்தபோதும், இன்று கைப்பேசியாக ஊர்தோறும் இருக்கும்போதும், பதிவின் உரிமை முன்முயற்சி எடுத்தவரையே சென்றடைகிறது. ஆகவே தன்னுரிமையைக் கருவியின் எளிமையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. முன்முயற்சி, பெயர், வருவாய் என்னும் மூன்றையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

இவ்வாய்வு இரு பணிகளை முன்வைக்கிறது. முதலாவது, தொடக்ககாலத் தட்டுகளின் விளக்க அட்டவணை. ஒலிப்பதிவின் பதிப்புரிமைக் காலம் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளே ஆதலின் அத்தட்டுகளை எண்ணிமமாக்கச் சட்டத்தடை இல்லை. இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றின் துணையுடன் இதனைத் தொடங்கலாம். இரண்டாவது, இன்று நிகழும் கூத்துக்கும் உடுக்கைப் பாட்டுக்கும் நிகழ்த்துநர் பதிவேடு. குழுவினர் அனைவரின் பெயர், கருவி, ஊர், நாள் ஆகியவை அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு போதும். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் இவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் களப்பணி மாணவர்களின் வழியே இதனைச் செய்ய இயலும். கலைஞரின் ஒப்புதலோடு தொகுக்கப்படும் அக்குறிப்பு ஆய்வுத்தரவாக அமைவதோடு, வருவாய்க் கணக்கில் தம் பெயரைக் கேட்டுப்பெற முகவீணைக்காரருக்கு ஒரு சான்றாகவும் அமையும்.